மூன்றாவது கியருக்கு ஒரு ஜெபம்

நாச்சிமுத்து தம்முடைய ஐம்பத்து மூன்றாவது வயதில் சிஷ்யரானார். குரு கோகிலாமணிக்கு வயது முப்பத்து நாலு.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகிற ரோட்டில், ஒரு தென்னந்தோப்புக்கு முன்னால், தகரம் போட்ட ஷெட் அவளுடையது. ஆட்டோமேடிக் கியர் வண்டிகளை மட்டும்தான் பார்ப்பாள். கிளட்சை மிதிக்காமல், கையால் தள்ளாமல், தானாகவே கியரை மாற்றிக்கொண்டு ஓடுகிற வண்டிகள்.

நாச்சிமுத்து இருபத்தெட்டு வருஷம் லாரிக்கு அடியில் படுத்து எழுந்தவர். இனிமேல் முடியாது என்று முதுகு சொல்லிவிட்டது. லாரியை விட்டார், வேலையை விட மனசு வரவில்லை. ஒரு தை மாசம் காலையில் ஷெட் வாசலில் வந்து நின்றார்.

"இந்தத் தானா மாத்தற கியரை எனக்குக் கத்துக்குடுங்க, அம்மணி."

"உங்களுக்குத் தெரியாததாங்ணா?" என்றாள் அவள்.

"லாரின்னாத் தெரியும். கியர் விழுகலீன்னா நம்ம கையே சொல்லிப்போடும். இது யாரைக் கேட்டு மாத்துதுன்னே தெரியலீங்களே."

கோகிலாமணி சிரித்தாள். உள்ளே போய், ஸ்பேனர் எடுத்து வருவாள் என்று இவர் கையை நீட்டினால், ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள்.

"வண்டி கொண்டு வர்றவங்களை அவங்களோட ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்க. சாவியைக் கையில எடுக்கறதுல இருந்து, வீட்டுக்கு வந்து திரும்ப ஆணியில மாட்டற வரைக்கும். நடுவுல பேசாதீங்க. எழுதிக்குங்க."

"எதுக்குங்க அம்புட்டும்? கியருதான தொந்தரவு. கியரைப் பத்திச் சொன்னாப் பத்தாதா?"

"எழுதுங்ணா. பாக்கலாம்."

அவளிடம் எதைக் கேட்டாலும் முக்கால்வாசி நேரம் அதுதான் பதில். பாக்கலாம்.

வருகிறவர்கள் எல்லாரும் நரைத்த மீசையைப் பார்த்துவிட்டு நேராக நாச்சிமுத்துவிடம்தான் வருவார்கள். "சார், வண்டி இழுக்க மாட்டேங்குது." அவர் குனிந்து, ஏதாவது ஒரு காருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைக் காட்டுவார். "சாரு அங்க படுத்திருக்காங்க. நான் படிக்கற பையன்."

அந்த ஷெட்டில் இன்னொன்றும் இருந்தது. டீ குடிக்கிற மூலையில் ஒரு பழைய கியர் பாக்ஸ். தூசி துடைத்து, துரு ஏறாமல் எண்ணெய் பூசி, மேலே ஒரு சாக்கை மடித்துப் போட்டிருப்பாள். இவர் வந்த அன்றைக்கே அதைக் காட்டி, "உங்க இடம் அதுதானுங்ணா, உக்காருங்க" என்றாள். ஆறு மாசமாக அவருடைய டீயும் தேங்காய் பன்னும் அதன் மேல் உட்கார்ந்துதான்.

ஒருநாள் கேட்டார். "இது எந்த வண்டியோடதுங்க?"

"நான் ஷெட்டுப் போட்ட புதுசுல, என் கையால முதமுதல்ல எறக்குன கியர் பாக்ஸுங்ணா."

"அந்த வண்டி?"

"அது அதுக்கப்பறம் ஓடலீங்."

"அப்படியென்ன கோளாறு இதுல?"

"இன்னொரு நாளைக்குச் சொல்றனுங்," என்று டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

ஆடி மாசம், ஒரு திங்கட்கிழமை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, தென்னை மட்டையைப் பிய்த்துப் பிய்த்துத் தகரத்தின் மேல் போட்டுக்கொண்டிருந்தது. கோகிலாமணி ஷெட்டில் இல்லை. அவளுடைய மகன் பள்ளிக்கூடத்தில் யாரையோ கடித்து வைத்துவிட்டான் என்று டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது. முப்பது வயதைத் தாண்டிய வெளிநாட்டு டீசல் கார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து, இப்போது தயிர் நிறத்துக்குப் பழுத்திருந்தது. கண்ணாடிக்குக் கீழே ஒரு ஜெபமாலை ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் எழுபதை நெருங்கியவர். கதவைத் திறந்து, இரண்டு கையாலும் தம் இடது காலைத் தூக்கி வெளியே வைத்தார். கால் சூம்பியிருந்தது.

நாச்சிமுத்து ஓடிப் போனார். "எறங்காதீங்க, எறங்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

"இல்லைங்க, எஞ்சினை நிறுத்தணும். பானெட்டைத் திறந்து உள்ளே..."

"டீசலுதானுங்களே. எனக்குத் தெரியாதா? நீங்க உக்காருங்க."

பானெட்டைத் தூக்கினார். எஞ்சின் ஓரத்தில் நிறுத்துகிற லீவர் ஒன்று இருந்தது. லாரியில் ஸ்டாப் கம்பியை இழுத்து இழுத்தே எஞ்சினை நிறுத்திப் பழகின கை. தேடாமலே அங்கே போய் அமுக்கியது. எஞ்சின் நின்றது. பெரியவர் நன்றியோடு சீட்டில் சாய்ந்துகொண்டார்.

அவர் பெயர் அருளானந்தம். வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயசில் வந்த காய்ச்சல் இடது காலைக் கொண்டுபோய்விட்டது. கிளட்ச் இல்லாத வண்டி என்பதால் மேனேஜர் தம் பழைய காரை இவருக்கே விட்டுவிட்டுப் போனாராம். பின் சீட்டில், தலையணையில் சாய்ந்தபடி இருந்தவர் அவருடைய மனைவி ரெஜினா. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும்.

நாச்சிமுத்து நோட்டை விரித்தார். "உங்க ஒரு நாளைச் சொல்லுங்க."

"காலையில அஞ்சு மணிக்குச் சாவியை எடுப்பேன். இவளைக் கைத்தாங்கலா..."

வீட்டுக்கு வந்து சேர்கிற வரைக்கும் அவர் சொல்லச் சொல்ல நாச்சிமுத்துவுக்குப் பரிதாபமாக இருந்தது. இந்த உடம்போடு இவர்களை எதற்கு இவ்வளவு பேச வைப்பது என்று தோன்றியது. "சரிங்க, கியர்ல என்ன பண்ணுதுங்க?" என்றார்.

"ஒண்ணுல இருந்து ரெண்டுக்குப் போறப்ப ஒரு உதை. ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்ப, பின்னால இருந்து மாடு முட்டின மாதிரி."

"மாடு இல்லீங்க, யானை," என்றார் ரெஜினா பின்னால் இருந்து. "நான் வால்பாறைக்காரி. எனக்கு வித்தியாசம் தெரியும்."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மூணாவது வரப்போகுதுன்னா எனக்கே தெரிஞ்சிடும் தம்பி. சேசுவே ரட்சியும்னு சொல்லி, முன் சீட்டை இறுக்கிப் புடிச்சுக்குவேன்."

"எங்க வீட்டுல ஜாஸ்தி ஜெபம் நடக்கறது கோயில்ல இல்லைங்க," என்றார் அருளானந்தம். "ரெண்டாவது கியருக்கும் மூணாவது கியருக்கும் நடுவுலதான். எட்டு மாசமா."

"இந்தப் பக்கத்துக் கதவுகூட..." என்று ரெஜினா ஆரம்பித்தார்.

"கதவை விடு ரெஜி. அவர் கியரைப் பாக்கறவர்."

"கதவை அப்பறம் பாத்துக்கலாமுங்க அம்மா," என்றார் நாச்சிமுத்துவும். ரெஜினா தலையை ஆட்டிவிட்டுத் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

நாச்சிமுத்து தாமே ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது விழும்போது அவருடைய பழைய முதுகிலேயே ஒரு குத்து விழுந்தது. பின்னால் சன்னமாக, சேசுவே ரட்சியும் என்று கேட்டது. ஷெட் வாசலுக்குத் திரும்பி வந்து நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் திறந்து எஞ்சினை அணைத்துவிட்டு வந்து, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"உள்ள பிளேட்டெல்லாம் தேஞ்சு போயிருக்குமுங்க. கியர் பாக்ஸை எறக்கித்தான் ஆகோணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"எறக்கிப் பிரிச்சுப் பாக்கவே ஒரு வாரம். அப்பறம் சாமான் கெடைக்கோணும். இந்த வண்டிக்கு அது ரெண்டு மாசமும் ஆகலாம். கெடைக்காமலும் போகலாம்."

அருளானந்தம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடகைக் காருல போலாமுங்களே?"

"ஒரு தடவை போனோம். திரும்பி வர்றப்ப இவளுக்கு வாந்தி. அந்த டிரைவர் ஒண்ணும் சொல்லலை. ரோட்டோரமா நிறுத்திட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டுத் தள்ளிப் போய் நின்னான். அவ்வளவுதான். அதுல போறதுக்கு ஆஸ்பத்திரியே வேண்டாம்ங்கறா இவ."

"சொன்னேன். சொன்னதுதான்," என்றார் ரெஜினா. விளையாட்டுக் குரல் இல்லை அது.

தகரத்தின் மேல் ஒரு மட்டை விழுந்து சரிந்தது.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரி போகணும்," என்றார் அருளானந்தம். "புதன்கிழமை கொண்டு வந்து விட்டுடறேன்."

பள்ளிக்கூடத்திலிருந்து கோகிலாமணி திரும்பி வந்ததும் நோட்டை வாங்கிப் படித்தாள். அரைப் பக்கம்தான் இருந்தது.

"சாவி எடுத்தது எங்கீங்ணா?"

"அதையெல்லாம் விட்டுப்போட்டு நேரா விசயத்துக்கு வந்துட்டனுங்."

"வீட்டுக்கு வந்து சேந்தாங்கன்னு நிக்குது. அப்பறம்?"

"அப்பறம் என்னங்க, எறங்கி வீட்டுக்குள்ள போயிருப்பாங்க."

"பின்னாடி அந்த அம்மா உக்காந்திருந்தாங்கன்னீங்களே. அவங்க என்ன சொன்னாங்க?"

"யானைன்னு சொன்னாங்க," என்றார் நாச்சிமுத்து. பிறகு, "வேற ஒண்ணுமில்லீங்க. அம்மணி, கியருதான்னு எனக்கு நல்லாத் தெரியுது. நானே ஓட்டிப் பாத்தேன். அந்தக் குத்துக்கு உள்ளதான் ஏதோ போயிருக்கோணும். பிரிச்சுப் பாக்காமக் கோளாறு எங்கிருக்குதுன்னு எப்படிங்க தெரியும்?"

கோகிலாமணி நோட்டை மூடி அவரிடமே கொடுத்தாள்.

"புதன்கிழமை வரட்டுமுங்ணா. பாக்கலாம்."

புதன்கிழமை ரெஜினாவும் கூட வந்திருந்தார். முந்தின நாள் சிகிச்சையின் களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"நீங்க எதுக்குங்கம்மா சிரமப்பட்டு?" என்றார் நாச்சிமுத்து.

"இத்தனை வருஷம் சுமந்திருக்கு தம்பி. வழியனுப்பி வைக்க வேண்டாமா?"

முன்பக்கம் எட்டி, கண்ணாடியில் தொங்கின ஜெபமாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, வண்டியை நிறுத்துங்க," என்றாள் கோகிலாமணி.

நாச்சிமுத்து பானெட் பக்கம் போனார்.

"எங்க போறீங்க?"

"நிறுத்தத்தானுங்."

"சாவி இங்க இருக்குதுங்ளே."

"டீசலுங்களே அம்மணி. சாவியை அணைச்சா எங்க நிக்குது? லாரியில நாம ஸ்டாப் கம்பியை இழுக்கறதில்லீங்களா? இதுல கம்பி இல்ல, அதனால உள்ளாற..."

சொல்லிக்கொண்டே வந்தவருக்கு வார்த்தை மெதுவாகிவிட்டது. கோகிலாமணி அருளானந்தத்திடம் திரும்பினாள்.

"இந்த வண்டி உங்க கைக்கு வந்தப்ப எப்படிங்க நிறுத்துவீங்க?"

"சாவியைத் திருப்பினா நின்னுடும்."

"எப்ப இருந்து நிக்கறதில்லீங்?"

அவர் யோசித்தார். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. எட்டு மாசம் இருக்கும். வழியில ஒரு பட்டறையில கேட்டேன். பழைய டீசல் அப்படித்தான்னாங்க. அப்புறம் இவர்கிட்ட வந்தேன். இவர் ஒரு வார்த்தை கேக்கலை, நேரா போய் பானெட்டைத் திறந்து நிறுத்தினார். சரி, எல்லா டீசலும் அப்படித்தான்போலன்னு விட்டுட்டேன்."

"ஒவ்வொரு தடவையும் இந்தக் காலோட இறங்கிப் போயா நிறுத்தறீங்க?"

"பழகிடுச்சும்மா."

"கியர் குத்தறது எப்ப இருந்துங்க?"

"அதுவும் அதே..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

நாச்சிமுத்து தம் கையைப் பார்த்தார். ஓடிப் போய் உதவி செய்த கை.

கோகிலாமணி பின் கதவைத் திறந்து, ரெஜினாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். கண்ணாடிகளை ஏற்றினாள். காற்றின் இரைச்சல் வெளியே நின்றது. முன் கதவு மட்டும் ஒரு விரல் அளவு திறந்திருந்ததால், அதன் பக்கத்தில் குனிந்திருந்த நாச்சிமுத்துவுக்கு அவர்கள் பேசியது கேட்டது.

"இங்க உக்காந்தா என்னங்கம்மா கேக்குது?"

ரெஜினா கணவரைப் பார்த்தார். "என்னையா கேக்கற கண்ணு?"

"உங்களைத்தானுங்."

"இந்தக் கதவு பெருமூச்சு விடுது. வண்டி ஓடற வரைக்கும் விட்டுக்கிட்டே வரும். திரும்பி வர்றப்ப எனக்கும் மூச்சு வாங்குமா, ரெண்டு பேருமா விட்டுக்கிட்டு வருவோம்." சிரித்தார். "இது மட்டும் தானாப் பூட்டிக்கவும் பூட்டிக்காது. முன்னாடி சாவியைத் திருப்பினா மத்தக் கதவெல்லாம் டக்குனு பூட்டிக்கும். இதை மட்டும் இவர் சுத்தி வந்து கையால அமுக்குவார்."

"அதுவும் எட்டு மாசமாங்க?"

"எட்டு மாசமா."

"அண்ணா, உள்ள வாங்க. காதை வையுங்க."

நாச்சிமுத்து முன் சீட்டில் மண்டியிட்டுப் பின்னால் எக்கி, கதவின் உள் அட்டையில் காதை வைத்தார். லாரி எஞ்சின் பக்கத்தில் நின்று பாதி மங்கிப்போன காது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சை அடக்கினார். அப்போது கேட்டது. உஸ்ஸ்ஸ் என்று, மெலிசாக, விடாமல்.

ரெஜினாவைத் தவிர மற்ற மூவரும் எஞ்சின் பக்கம் போனார்கள். பானெட்டுக்குள்ளே, சுண்டு விரலைவிடச் சன்னமான குழாய்கள் கொடி மாதிரி பிரிந்து போயின.

"இளநியில ஸ்ட்ரா போட்டு உறிஞ்சறமுங்ணா," என்றாள் கோகிலாமணி. "ஸ்ட்ராவுல ஓட்டை இருந்தா?"

"காத்துதான் வரும்."

"இந்த எஞ்சின்ல ஒரு பம்பு இருக்குது. அது உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அந்த உறிஞ்சல்ல ஒரு கிளை கியர் பாக்ஸுக்குப் போகுது, கியரை மெதுவா விழ வைக்க. இன்னொரு கிளை எஞ்சினை நிறுத்த. இன்னொண்ணு கதவுப் பூட்டுக்கு. எல்லாம் ஒரே இளநிதான். ஒரு கிளையில ஓட்டைன்னா மத்ததுக்கும் உறிஞ்சல் பத்தாதுங்."

கதவுகளுக்குப் போகிற குழாயை அவள் மெல்ல உருவினாள்.

"பம்பு பக்கத்து வாயில கட்டை விரலை வையுங்க."

அவர் வைத்தார். குழாய் அவர் தோலைப் பிடித்து இழுத்தது. பால் குடிக்கிற கன்று விரலைச் சப்புகிற மாதிரி இருந்தது அவருக்கு.

கோகிலாமணி போய் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் நின்றது.

அருளானந்தம் நின்ற எஞ்சினையே பார்த்தார். நாச்சிமுத்து விரலை எடுக்கவில்லை.

"விரலை எடுத்துக்கலாமுங்ணா," என்றாள் அவள்.

குழாயின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்துவிட்டு, ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். நாச்சிமுத்து வழக்கம்போல முன்பக்கம் போனார். "நீங்க பின்னாடிங்ணா," என்றாள் கோகிலாமணி. அவர் ரெஜினாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அருளானந்தம் ஓட்டினார்.

வண்டி உடுமலை ரோட்டில் ஏறியது. ரெஜினா முன் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். விரல் முட்டிகள் வெளுத்தன. ஊசி ஏற்றின கையில் நரம்பு புடைத்திருந்தது. உதடு அசைவதற்குத் தயாராக இருந்தது. நாச்சிமுத்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை அவர் ஓட்டியபோதும் இந்தக் கை இப்படித்தான் இருந்திருக்கும்.

தென்னந்தோப்புகள் போயின. ஒரு தேங்காய் லாரி எதிரே வந்து கடந்து போனது.

"மூணாவது இன்னும் வரலையா?" என்றார் ரெஜினா.

"நாலாவதுல போயிட்டிருக்கோம் ரெஜி," என்றார் அருளானந்தம்.

ரெஜினாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"வேற எதுக்காவது வெச்சுக்குங்கம்மா," என்றாள் கோகிலாமணி முன்னால் இருந்து.

கோமங்கலம் வருகிற வரைக்கும் ரெஜினா சீட்டை விடவில்லை. அப்புறம் ஒவ்வொரு விரலாக விட்டார்.

ஷெட்டுக்குத் திரும்பி, நாச்சிமுத்துதான் பின் கதவின் அட்டையைக் கழற்றினார். பூட்டுக்குக் கீழே, குழாய் வந்து சேர்கிற இடத்தில், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ரப்பர் மூடி. வயசாகி, ஓரத்தில் நகக்கண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கோகிலாமணி அலமாரியைக் குடைந்து, அந்த ரகக் காரிலிருந்து எப்போதோ எடுத்து வைத்திருந்த ஒரு பூட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அவர் பொருத்தினார். குழாயைத் திரும்ப மாட்டினார். அருளானந்தத்திடம் சாவியைக் கொடுத்து முன் கதவைப் பூட்டச் சொன்னார்.

நாலு கதவும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன.

அருளானந்தம் எஞ்சினை ஓட்டினார். சாவியைத் திருப்பினார். நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடி நிறுத்தினார். சீட்டைவிட்டு இறங்காமலே மூன்றாவது தடவையும் செய்தார்.

"போதும், அதுக்கு மூச்சு முட்டப்போகுது," என்றார் ரெஜினா.

நாச்சிமுத்து பின் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தார். "அம்மா, அன்னைக்குக் கதவைப் பத்திச் சொல்ல வந்தீங்க."

"ஆமா."

"நான் கேக்காமப் போயிட்டேன்."

"நான் சொல்ல வர்றதை நானே பாதியில விட்டுடறதும் வழக்கம்தான் தம்பி. மூக்கைப் பொத்திக்கிட்டுப் போய் நிக்காம, ஓடி வந்து எஞ்சினை நிறுத்தினீங்களே. அதை நான் பாத்தேன்." மடியிலிருந்த ஜெபமாலையை முன்னால் நீட்டினார். "அதை அங்க மாட்டுங்க. நாளைக்கு வியாழக்கிழமை."

நாச்சிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் கண்ணாடியில் மாட்டினார். கார் ரோட்டில் ஏறி, முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு, சத்தத்தில் மட்டும் மாறிக்கொண்டே போனது. ஜெபமாலை லேசாக ஆடியது. அது தெரிகிற வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோகிலாமணி பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினாள். நாச்சிமுத்து மூலைக்கு வந்தார், உட்காரவில்லை.

"எறக்கியிருப்பனுங் அம்மணி," என்றார். "நீங்க ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தா, இந்நேரத்துக்கு எறக்கிப் பிரிச்சுப் போட்டிருப்பேன். பிரிச்சதைத் திரும்பச் சேக்க எனக்குத் தெரியாது. சாமானும் கெடைச்சிருக்காது. அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறதையே விட்டிருப்பாங்க."

"உக்காருங்ணா."

"இருவத்தெட்டு வருசம் இந்தக் கையில..."

"டீ ஆறுது. உக்காருங்க."

அவர் சாக்கை நிமிர்த்திப் போட்டு, கியர் பாக்ஸின் மேல் உட்கார்ந்தார். காற்று கொஞ்சம் ஓய்ந்திருந்தது. எண்ணெய் பூசின இரும்பு பக்கவாட்டில் மினுமினுத்தது. உட்கார்ந்தபடியே அதைத் தடவிப் பார்த்தார். ஆறு மாசமாக உட்காருகிற இடம். இப்போதுதான் குனிந்து பார்க்கிறார். எங்கேயும் விரிசல் இல்லை. ஒரு போல்ட்கூட மழுங்கவில்லை.

"அம்மணி, இன்னொரு நாளைக்குச் சொல்றேன்னீங்களே. இந்தக் கியர் பாக்ஸுல என்னதானுங்க கோளாறு?"

கோகிலாமணி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். தன்னுடையதை எடுத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி வாசல் தூணில் சாய்ந்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லீங்ணா."